கொழுந்தைத் தின்னும் மஞ்சள் துரு

கொய்யா, நாவல், கிராம்பு, யூக்கலிப்டஸ் ஆகியவை பார்வைக்கு வேறு வேறானாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மத்தியதரைக் கடற்கரையில் வளரும் மிர்ட்டில் என்னும் நறுமணப் புதரின் பெயரே அக்குடும்பத்தின் பெயர்.

இக்குடும்பத்தைத் தாக்கும் துருப் பூஞ்சை ஒன்று உண்டு. பிரேசில் நாட்டுக் கொய்யாவில் கண்டு 1884-இல் அதற்குப் பெயரிட்டனர். பின்னர் அது 2005-இல் ஹவாயிலும், 2010-இல் ஆஸ்திரேலியாவிலும், 2017-இல் நியூசிலாந்திலும் காணப்பட்டது.

பூஞ்சை என்றதும் பழைய ரொட்டியில் படரும் பூஞ்சணமே நம் நினைவுக்கு வரும். இதுவோ உயிருள்ள செடியில் மட்டுமே வாழும்! இதன் வித்துகள் மஞ்சள் பொடி போன்றவை. காற்றில் பறந்தும், ஆடைகளில் ஒட்டியும் பரவுகின்றன. ஈரமான கொழுந்தில் விழுந்தால் முளைத்து உள்ளே நுழைகின்றன.

முற்றிய இலைகளை இது பெரும்பாலும் விட்டுவிடுவதால் மரம் உடனே சாவதில்லை. ஆனால் துளிர்க்குந்தோறும் கொழுந்து கருகுகிறது. பூவும் காயும் தப்புவதில்லை. பிறகு விதை ஏது?

கிழக்கு ஆஸ்திரேலியாவில் 'நாட்டுக் கொய்யா' என்றொரு மரம் உண்டு. (நம் கொய்யா அன்று.) அதன் பெரிய மரங்கள் பட்டுப்போயின, வேரிலிருந்து எழும் தளிர்களையும் துரு தின்றுவிடுகிறது. நாற்றுப் பண்ணையில் மருந்து தெளிக்கலாம். காடு முழுவதும் தெளிக்க இயலுமா? எனவே நோயற்ற கிளைகளை வெட்டி, தாவரவியல் பூங்காக்களில் பதியன்களாக வளர்த்து வருகின்றனர்.