மூலநோயும் மரப்பட்டைச் சாரமும்

நோய்களுள் சில பிறரிடம் வாய்விட்டுச் சொல்லப்படுவன. சில நாணத்தால் மறைக்கப்படுவன. மூலநோய் பின்னதன் பாற்பட்டது. ஆதலின் அதற்கு இடப்படும் மரப்பட்டைச் சாரங்கள் எதனைச் செய்யும், எதனைச் செய்யமாட்டா என்பதை நாம் ஈண்டு ஆராய்வோம்.

மலவாயின் உட்புறத்தே, இரத்தக்குழல்கள் செறிந்த மெத்தை போன்ற திரள்கள் எல்லோர்க்கும் இயற்கையாகவே உள்ளன. அவை மலவாய் செவ்வனே மூடுதற்குத் துணைபுரிவன. மலச்சிக்கலால் முக்குதல், கருப்பமுறுதல் முதலிய காரணங்களால் அவை வீங்கிச் சரியுமாயின், அதனையே மூலம் என்கிறோம். உள்மூலம் பெரும்பாலும் நோவின்றியே குருதி சிந்தும். வெளிமூலமோ நோவும் அரிப்பும் தரும்.

வட அமெரிக்காவின் கீழைக் காடுகளில் ‘விட்ச் ஹேசல்’ என்றொரு சிறுமரம் உண்டு. ‘விட்ச்’ என்றதும் சூனியக்காரியை நினைக்க வேண்டுவதில்லை. இம்மரப்பெயரில் அச்சொல் ‘வளையத்தக்கது’ எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லினின்று வந்தது. அந்நாட்டுப் பழங்குடிமக்கள் இதன் பட்டையைக் காய்ச்சி வீக்கங்களுக்கு இட்டனர். ஐரோப்பாவிலோ ஓக் மரப்பட்டையின் கஷாயம் இந்நோய்க்கு வழங்கி வருகிறது.

இவ்விரு பட்டைகளிலும் ‘டானின்’ என்னும் துவர்ப்பொருள் மிகுந்துள்ளது. நம் நாட்டார் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டதும் இத்தகைய பொருளின் வலியாலேயே. அது புரதத்தோடு கூடி அதனை இறுகச் செய்வது. புண்பட்ட மேற்றோலிற் படுங்கால், அது மெல்லிய படலம்போற் படிந்து, கசிவைக் குறைத்து, அரிப்பையும் எரிவையும் தணிக்கும்.

நிற்க, கடைகளில் விற்கும் விட்ச் ஹேசல் நீர் பெரும்பாலும் வாலையில் வடிக்கப்படுவது. டானின் ஆவியோடு எழுந்து செல்லாது. ஆதலின் அவ்வடிநீரில் அஃது இல்லையென்றே சொல்லலாம். பட்டைக் கஷாயத்தின் குணம் முழுவதையும் அதன்மேல் ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. எனினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உணவு மருந்து நிர்வாகம் 1990-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளில், வைத்தியர் சீட்டின்றி விற்கத்தக்க துவர்ப்பு மருந்துகளுள் இதனையும் ஏற்றது. வெளிப்பூச்சாக மட்டுமே பயன்படுத்தல் வேண்டும் என்பதும், 7 நாட்களுள் குணம் காணாவிடில் வைத்தியரை நாடல் வேண்டும் என்பதும், குருதி கண்டால் தாமதியாது நாடல் வேண்டும் என்பதும் அவ்விதிகளிற் கண்டவை.

இவ்வெச்சரிக்கையே நாம் முதன்மையாகக் கருதத்தக்கது. பட்டைச் சாரம் மேலே தோன்றும் துன்பத்தைத் தணிக்குமேயன்றி, சரிந்த திரளை மீண்டும் நிலைநிறுத்தாது. நோய்க்கு மூலமான மலச்சிக்கலையும் நீக்காது. துவர்ப்புப் பொருளை மிகுதியாக உட்கொள்ளின் மலம் இறுகவும் கூடும். கீரை, காய்கனி, தவிடு நீக்காத தானியம், வேண்டிய அளவு நீர், முக்காது மலங்கழித்தல் ஆகிய இவையே வேரிற் செல்லும் பரிகாரங்கள்.

அன்றியும், மலத்தோடு குருதி வருவதெல்லாம் மூலமன்று. பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோயும் அவ்வாறே குருதி காட்டும். தொடக்கத்திற் கண்டறியின் அதனைப் பெரும்பாலும் தீர்க்கலாம், காலந்தாழ்த்தின் அரிது. எரிவு தணிந்ததென்று மகிழ்ந்து, குருதியை மறைத்துவைப்பவர் மருந்தையே திரையாக்கிக்கொள்கின்றனர். ஆதலின் அன்பர்களே, பட்டைச் சாரத்தைப் பழிக்கவும் வேண்டா, அதனையே நம்பிக் காத்திருக்கவும் வேண்டா. வைத்தியர் முன்னிலையில் நாணுதல் நற்குணமன்று. வீட்டிலுள்ள முதியோர் இத்துன்பத்தைக் கூறத் தயங்குவாராயின், அவர்க்கு இதனை எடுத்துரைத்து வைத்தியரிடம் அழைத்துச் செல்வது கற்ற நம்மவர் கடனாகும்.