பத்தடிக் காம்பராவில் சா-சா-சா: காலுக்கும் இடுப்புக்கும் சில குறிப்புகள்

இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களில் கலியாண வரவேற்பை டவுன் மண்டபத்தில் வைக்கிற வழக்கம் பெருகிவிட்டது. பைலா போட்டால் பாட்டி முதல் பேரன் வரை இறங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் சா-சா-சா தாளம் கேட்டால் மட்டும் நம் பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்குகிறார்கள். ஒதுங்கத் தேவையே இல்லை. வால்ஸ் ஆட மண்டபத்தைச் சுற்றி வர வேண்டும். சா-சா-சாவுக்கு நின்ற இடம் போதும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் மிஞ்சும் இடத்திலேயே இதன் அடிப்படையைப் பழகிவிடலாம்.

1. முதலில் தரையைப் பாருங்கள். சிவப்புப் பாலிஷ் போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்த சிமெந்துத் தரையில் சொக்ஸோடு ஆடினால் வழுக்கிவிடும். மழை நாளில் தரை ஈரம் கசியும். காய்ந்த துணியால் துடைத்த பிறகே தொடங்குங்கள். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். அது தரையைப் பிடித்துக்கொள்ள, உடம்பு திரும்ப, நடுவில் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். வெறுங்கால் நல்லது. பள்ளிக்கூடச் சப்பாத்தோடுதான் பழக வேண்டுமென்றால், பழைய சொக்ஸின் முன்பாதியை வெட்டி, சப்பாத்தின் விரல் பக்கத்துக்கு மேலே இழுத்து மாட்டுங்கள். முன்பாதம் வழுவழுப்பாகத் திரும்பும். குதிகால் பிடிமானத்தோடு இருக்கும்.

2. காலுக்கு முன் கை. கும்மி கொட்டிய கைகளுக்கு இது கஷ்டமே இல்லை. தா, தா, தக, தா என்று தட்டுங்கள். நான்கும் ஒரே அளவு நேரம். 'தக' என்பதில் மட்டும் அந்த நேரத்துக்குள் இரண்டு தட்டு. மொத்தம் ஐந்து தட்டு, ஐந்து காலடி. பேசிக்கொண்டே தட்டினாலும் பிசகாத அளவுக்கு வந்த பிறகு எழுந்து நில்லுங்கள்.

3. பாட்டுக்கு டேட்டா செலவழிக்க வேண்டாம். சுவர்க் கடிகாரம் போதும். போட்டிகளில் சா-சா-சாவின் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 தாளக்கட்டு. கட்டுக்கு 4 தாளம் என்றால் நிமிடத்துக்கு 120. கடிகார முள் 60 தரம் 'டிக்' என்கிறது. டிக் ஒன்றுக்கு ஒரு தாளம் வைத்து ஆடினால் சரியாகப் பாதி வேகம். பாதி வேகத்தில் சுத்தமாக வந்தால்தான் முழு வேகத்துக்குப் போக வேண்டும். முழு வேகத்திலேயே தொடங்குகிறவர்களுக்குக் கால் ஓடும், இடுப்பு வராது.

4. சோக்கட்டியால் தரையில் ஒரு கூட்டல் குறி போட்டு, அதன் நடுவில் நில்லுங்கள். இடக்கால் முன்கோட்டில் (தா). பாரம் மறுபடி வலக்காலுக்கு (தா). இடப்பக்கமாக இடம், வலம், இடம் என்று மூன்று சிற்றடி (தக, தா). அடுத்து வலக்கால் பின்கோட்டில் (தா). பாரம் திரும்பவும் இடக்காலுக்கு (தா). வலப்பக்கமாக வலம், இடம், வலம் (தக, தா). அடிப்படை இவ்வளவுதான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: முன்னால் வைக்கும் அடி பாட்டின் இரண்டாவது தாளத்தில் விழ வேண்டும். கடைசித் 'தா'தான் பாட்டின் 'ஒன்று'. முதல் தாளத்திலேயே காலை முன்னே நீட்டுவது ஏறக்குறைய எல்லாரும் செய்கிற பிழை.

5. அடி எப்போதும் சிறிசாக இருக்கட்டும். பக்கவாட்டில் எடுக்கும் ஓர் அடிக்கு உங்கள் பாதத்தின் நீளம் தாராளம். அகலக் கால் வைத்தால் அடுத்த காலைச் சேர்க்கவே நேரம் போய்விடும்.

6. விரல் பக்கம் முன்னே, குதிகால் பின்னே. மழை பெய்து ஓய்ந்த மலையில் கொழுந்துக் கூடையோடு இறங்குகிற அக்கா, முன்பாதத்தால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, பிடிமானம் தெரிந்த பிறகே பாரத்தை இறக்குவார். சா-சா-சாவின் காலடியும் அதுதான். பாதத்தைத் தூக்கி வைக்காதீர்கள். பெருவிரல் பக்கம் தரையை உரசிக்கொண்டே போகட்டும். பின்னால் வைக்கும் அடியில் குதிகாலை உடனே போட்டால் உடம்பு சாய்ந்துவிடும். முன்பாதத்தை வைத்து, மெதுவாகக் குதிகாலை இறக்குங்கள்.

7. இனி இடுப்பு. இடுப்பை ஆட்டாதீர்கள். ஆட்டினால் அது சா-சா-சா ஆகாது, இடுப்பு வலிதான் மிஞ்சும். முழங்கால் வேலை செய்தால் இடுப்பு தானாக அசையும். அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கிற நேரத்தில் சோதித்துப் பாருங்கள். சுவரைத் தொட்டுக்கொண்டு பாதங்களைச் சேர்த்து நில்லுங்கள். வலக் குதிகாலை மட்டும் தூக்கி, வல முழங்காலை முன்னே மடியுங்கள். இடக்கால் நேராக நிற்கட்டும். இப்போது இரு கைகளையும் இடுப்பெலும்பில் வையுங்கள். வலப்பக்கம் இறங்கியிருக்கும், இடப்பக்கம் வெளியே, கொஞ்சம் பின்னே போயிருக்கும். நீங்கள் எதையும் ஆட்டவில்லை. காலை மாற்றி, அதையே மெதுவாகச் செய்துகொண்டே இருங்கள்.

ஆடும்போது வரிசை இதுதான்: முன்பாதம் தரையைத் தொடும், பாரம் ஏறும், முழங்கால் நேராகும், கடைசியில் இடுப்பு வந்து அமரும். தாளத்தில் விழுவது கால். இடுப்பு அதற்கு ஒரு நூலிழை பின்னால். இரண்டும் ஒன்றாக வந்தால் பொம்மை மாதிரித் தெரியும். முழங்காலை நேராக்குங்கள் என்றால் பின்பக்கம் தள்ளிப் பூட்டுங்கள் என்று அர்த்தமில்லை. அது மூட்டுக்கு ஆகாது.

இடுப்பு அசைகிறது என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இந்த அடுப்படிப் பயிற்சியை அவர்களையே செய்யச் சொல்லுங்கள். நடக்கிற ஒவ்வொரு மனிதருக்கும் இயல்பாக உள்ள அசைவுதான் இது. பெண் பிள்ளைகளை இதைச் சொல்லி உட்கார வைப்பது சரியில்லை.

8. 'தக, தா' என்ற மூன்று அடியில் இடுப்பை ஒவ்வொரு அடிக்கும் முழுதாகக் கொண்டுவரப் பார்க்காதீர்கள், நேரம் போதாது. 'தக'வில் இரு முழங்கால்களும் தளர்ந்து ஒன்றையொன்று நெருங்கட்டும். பாதங்கள் பாதி சேர்ந்தால் போதும். கடைசித் 'தா'வில் கால் நேராகி இடுப்பு நன்றாக அமரட்டும். ஆட்டத்தின் அழகு அந்த ஒரு தாளத்தில்தான் இருக்கிறது.

9. பைலாக் காலை இதற்குள் கொண்டுவராதீர்கள். பைலா ஆறெட்டுத் தாளம். துள்ளல்தான் அதன் உயிர். சிலோன் மனோகரின் சுராங்கனிக்குத் துள்ளாமல் இருக்க முடியுமா? சா-சா-சா நான்கு தாளம். தலை மேலும் கீழும் போகக் கூடாது. பிள்ளைகளின் கொப்பி ஒன்றைத் தலையில் வைத்து ஆடிப் பாருங்கள். விழாவிட்டால் முழங்கால் சரியாக வேலை செய்கிறது. குனிந்து காலைப் பார்க்கும் பழக்கமும் இதிலேயே போய்விடும்.

10. லயத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்கள் நேரத்தோடு தூங்குவார்கள். கால் தட்டும் சத்தம் அவர்களுக்குக் கேட்டால் உங்கள் காலடி இன்னும் பழகவில்லை. காமன் கூத்தில் தப்புச் சத்தத்துக்கு ஓங்கி மிதிப்பது அழகு. இங்கே உரசல் சத்தம் மட்டும்தான். இந்த ஆட்டத்துக்குப் பெயர் வந்ததே அந்த உரசலால்தான் என்பார்கள். கியூபா நாட்டு வயலின் கலைஞர் என்ரிகே ஹோரின், மாம்போ என்ற ஆட்டத்தின் சிக்கலான தாளத்தில் கால் தடுமாறியவர்களுக்காக 1950களின் தொடக்கத்தில் எளிமையான தாளம் அமைத்தார். 1953இல் அவருடைய 'லா எங்கன்யதோரா' இசைத்தட்டாக வந்தது. ஹவானா மண்டபங்களில் ஆடியவர்களின் பாதங்கள் தரையில் 'சா-சா-சா' என்று உரசின. தடுமாறுகிறவர்களுக்காகவே பிறந்த ஆட்டம் என்பதால் தைரியமாகப் பழகலாம்.

11. மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. சபரகமுவையில் அப்படிப்பட்ட நாட்களுக்குக் குறைவும் இல்லை. அந்த நாட்களைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்தெடுத்துவிட்டு வந்த கையோடு ஆட வேண்டாம். வாசற்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலைக் கீழே இறக்கிக் கெண்டைக்காலை நன்றாக இழுத்துவிட்டு, கொஞ்சம் ஓய்ந்த பிறகு தொடங்குங்கள். முழங்காலில் குத்தல் வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

12. ஜோடியாக ஆடும்போது ஒருவர் இடக்காலை முன்னே வைத்தால் எதிரே நிற்பவர் வலக்காலைப் பின்னே வைப்பார். அதாவது நான்காம் குறிப்பின் முதல் பாதி ஒருவருக்கு, இரண்டாம் பாதி மற்றவருக்கு. கையை இறுக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையில் இலேசான அழுத்தம் மட்டும் கொடுங்கள். கணவன் மனைவி, அக்கா தங்கை, அம்மா மகள் யாரும் யாரோடும் பழகலாம்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பெரியவர்கள் நாற்காலியிலேயே இருந்துவிடாதீர்கள். அக்காமாரே, அடுத்த வரவேற்பில் சா-சா-சா ஒலித்தால் நீங்களும் எழுந்து வாருங்கள். பக்கத்தில் கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பவரையும் கைபிடித்துக் கூட்டி வாருங்கள்.