குறுஞ்சுற்று ஓட்டமும் சுற்றுடைப்பானும்

மாணவர்களே, 2025 பெப்ரவரி 9 இல் நாடெங்கும் மின் நின்றது நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று நிலைமாற்றியில் பட்டதே காரணமென அமைச்சர் கூறினார். இவ்வாறு சுமையைத் தவிர்த்து, தடை மிகக் குறைந்த வழியால் மின் பாய்வதே குறுஞ்சுற்று.

230 வோல்ற்றில் 46 ஓம் மின்னழுத்தி எடுப்பது 5 அம்பியர். வயர்கள் இரண்டும் தொட்டு, மொத்தத் தடை 0.23 ஓம் ஆனால், ஓட்டம் 1000 அம்பியர்! தடையைப் பூச்சியமாக எடுத்து ‘முடிவிலி’ என எழுதாதீர்கள். வயருக்கும் நிலைமாற்றிக்கும் தடையுண்டு.

33 கிலோவோல்ற்று வழிக்குச் சுற்றுடைப்பான் தெரியும்போதும் அடிப்படை இதுவே. சுமை ஓட்டம் மட்டும் பார்த்தால் போதாது. அது துண்டிக்கக்கூடிய உச்ச ஓட்டம், உதாரணமாக 25 கிலோ அம்பியர், அவ்விடத்துக் குறுஞ்சுற்று ஓட்டத்திலும் கூடியிருக்க வேண்டும். இல்லாவிடின் தொடுகைகள் விலகியும் மின்வில் அணையாது, சுற்றுடைப்பானே வெடிக்கலாம். உபமின்நிலையத்துக்குக் கிட்ட இவ்வோட்டம் அதிகம்; தூரம் கூட, வழியின் தடையும் கூடுவதால் குறையும்.