ஓடுதளத்தில் ஒரு கோடு

நுழையும்முன்

ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனியே போட்டிகள் நடத்தப்படுவதன் நோக்கம் நேர்மையே. அந்நேர்மையைக் காப்பதற்காக வகுக்கப்பட்ட சோதனைகளே சிலருக்கு அநீதியாக முடிந்ததும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து புறப்பட்ட வீராங்கனை ஒருவரின் வாழ்வை முன்வைத்து, இச்சிக்கலில் அறிவியல் எதுவரை துணைவரும் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மலையும் சமவெளியும்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை, நாமக்கல் மாவட்டத்தில் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரையிலான உயரத்தில் பரந்துள்ளது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்குப் பிறந்து, நாள்தோறும் மேடும் பள்ளமும் ஏறி இறங்கி வளர்ந்த மாணவி ஒருத்தி, சமவெளியில் வளர்ந்த மாணவியோடு மாவட்ட ஓட்டப்பந்தயத்தில் நிற்பதாக எண்ணிப் பார்க்கலாம். மலைநிலம் அவள் கால்களுக்குத் தந்த உரத்தைக் குறைத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. அதே பந்தயத்தில் அவளுக்குப் பதிலாக அவள் அண்ணனை நிறுத்தினாலோ, பார்ப்போர் அனைவரும் எதிர்ப்பர். முன்னதைத் திறமையின் ஒரு கூறாக ஏற்கும் மனம் பின்னதை ஏற்க மறுப்பது ஏன்?

இதற்கு விடை எண்களில் உள்ளது. 800 மீட்டர் ஓட்டத்தில் ஆடவர் உலகச் சாதனை 1 நிமிடம் 40.91 வினாடி, கென்யாவின் டேவிட் ருடிஷா 2012-இல் நிகழ்த்தியது. மகளிர் சாதனை 1 நிமிடம் 53.28 வினாடி, செக்கோஸ்லோவாக்கியாவின் யார்மிலா கிராடோச்விலோவா 1983-இல் நிகழ்த்தியது. இடைவெளி 12 வினாடிக்கும் மேல். பருவ வயதில் ஆணுடலில் மிகுதியாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் தசையையும் எலும்பையும் குருதியிலுள்ள ஹீமோகுளோபினையும் பெருக்குவது இதற்கு முதன்மைக் காரணம். எல்லாரும் ஒரே போட்டியில் ஓடினால் இறுதிச் சுற்றில் பெண்ணொருத்தியைக் காண்பது அரிது. ஆகவே மகளிர் பிரிவு என்பது சலுகையன்று. பெண்கள் வெல்வதற்கான களமே அதுதான். கோடு ஒன்று வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதை எங்கே இடுவது, யார் இடுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தோகாவில் நிகழ்ந்தது

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜனின் பெற்றோர் செங்கற்சூளைத் தொழிலாளர்கள். ஓட்டத்தில் அவருக்கு முதல் ஊக்கம் தந்தவர் தாத்தா. 2005-இல் தென்கொரியாவின் இன்சான் நகரில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் அவர் வெள்ளி வென்றார். 2006 டிசம்பரில் கத்தார் நாட்டின் தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டிலும் அதே தொலைவில் வெள்ளி வென்றார். ஆசிய விளையாட்டில் பதக்கம் வென்ற முதல் தமிழ்ப் பெண் என்று நாடே அவரைக் கொண்டாடியது.

கொண்டாட்டம் சில நாள்களே நீடித்தது. போட்டி முடிந்தபின் அவரிடம் பாலினச் சோதனை நடத்தப்பட்டது. அவர் அதில் தேறவில்லை என்ற செய்தி நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் பரவியது. பதக்கம் பறிக்கப்பட்டது. மருத்துவர்க்கும் அவருக்கும் இடையே மறைவாக இருந்திருக்க வேண்டிய ஒன்று, தேநீர்க் கடைகளில் பேசுபொருளாயிற்று. அவருடைய உடல்நிலைக்கு மருத்துவ நூல்கள் தரும் பெயர் என்ன என்று இன்றும் எழுதப்படுகிறது. அப்பெயர் இப்பாடத்திற்குத் தேவையில்லை.

சாந்தி ஊக்கமருந்து உட்கொண்டதாகக் குற்றச்சாட்டே இல்லை. எதையும் மறைத்ததாகவும் இல்லை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்கள் பிரிவில் ஓடியவர் அவர். அன்றைய தமிழ்நாட்டு முதலமைச்சர் கருணாநிதி, பதக்கம் பறிக்கப்பட்ட பின்னரும் 15 இலட்சம் ரூபாய் பரிசளித்து அவரைப் பெருமைப்படுத்தினார். ஆயினும் ஓடுதளம் அவருக்கு மூடப்பட்டுவிட்டது. தம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளித்த அவர், வருமானமின்றிப் பெற்றோரைப்போல் செங்கற்சூளையில் கூலி வேலை செய்யும் நிலைக்கும் தள்ளப்பட்டார்.

சோதனைகளின் வரலாறு

இச்சோதனைகள் தோகாவில் தோன்றியவை அல்ல. 1966-இல் புதாபெசுட்டு நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர் குழுவின்முன் ஆடையின்றி நிற்கவேண்டியிருந்தது. அவ்விழிவு கடும் எதிர்ப்பைப் பெறவே, கன்னத்தின் உட்புறச் செல்களைச் சுரண்டி எடுத்துக் குரோமோசோமைப் பார்க்கும் முறை 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அறிவியல் முறையாதலின் இது ஐயத்திற்கு இடமின்றித் தீர்ப்பளிக்கும் என்று நம்பப்பட்டது.

இயற்கை அந்நம்பிக்கைக்கு உடன்படவில்லை. குரோமோசோம், ஹார்மோன், உடலமைப்பு ஆகிய மூன்றும் பெரும்பாலோரிடம் ஒரே திசையில் அமைகின்றன. சிலரிடம் அவ்வாறு அமைவதில்லை. சுபெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஒசே மார்த்தினெசு பத்தீனியோ 1985-இல் சப்பானின் கோபே நகரில் சோதிக்கப்பட்டபோது, தமக்கு ஒய் குரோமோசோம் உண்டு என்பதை முதன்முறையாக அறிந்தார். அவருடைய உடலோ டெஸ்டோஸ்டிரோனைப் பயன்படுத்திக்கொள்ளும் ஆற்றல் அற்றது. அக்குரோமோசோமால் அவருக்குக் கிடைத்த நன்மை ஏதுமில்லை. மூன்றாண்டுகள் போராடி 1988-இல் அவர் உரிமையை மீட்டார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சோதிக்கப்பட்ட 3387 பெண்களுள் எண்மர்க்கு முடிவு மாறுபட்டு வந்தது. மறுஆய்வுக்குப்பின் எண்மரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டனர். 1999-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அனைவர்க்குமான சோதனையைக் கைவிட்டது. ஐயம் எழுந்தவரை மட்டும் சோதிக்கும் வழக்கம் தொடர்ந்தது. தோகாவில் சாந்தி அதற்குத்தான் ஆளானார்.

டூட்டி கேட்ட வினா

சாந்திக்குக் கிட்டாத வாய்ப்பு, எட்டாண்டுகளுக்குப்பின் ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த டூட்டி சந்துக்குக் கிட்டியது. 2014 கிளாசுகோ காமன்வெல்த்துப் போட்டிக்குச் சற்றுமுன், டெஸ்டோஸ்டிரோன் அளவு மிகுந்துள்ளது எனக் கூறி அவரை அணியிலிருந்து நீக்கினர். அன்றைய விதியின்படி எல்லை ஒரு லிட்டர் குருதிக்கு 10 நானோமோல். மருந்தால் அதைக் குறைத்துக்கொள்ள டூட்டி மறுத்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்தை அணுகினார். இயல்பாகவே மிகுந்து சுரக்கும் ஹார்மோன், ஆடவர்க்குப் பெண்களைவிட இருக்கும் வேகத்திற்கு ஒப்பான வேகத்தைத் தருகிறது என்பதற்குச் சான்று எங்கே என்பது அவர் தரப்பின் வினா. 2015 சூலையில் தீர்ப்பாயம், போதிய சான்று இல்லை எனக் கூறி அவ்விதியை ஈராண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. டூட்டி 2016 இரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வென்றார்.

சான்று கேட்கப்பட்டதால் ஆய்வு வெளிவந்தது. 2011, 2013 உலகப் போட்டிகளின் தரவுகளைக் கொண்ட அவ்வாய்வு 2017-இல் வெளியானது. சில போட்டிகளில் ஹார்மோன் மிகுந்தோர் சிறப்பாகச் செயல்பட்டதை அது காட்டியது. சம்மட்டி எறிதலும் கோலூன்றித் தாண்டுதலும் அவற்றுள் அடங்கும். ஆனால் 2018-இல் வந்த புதிய விதி 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. எல்லை 5 நானோமோல் ஆனது. ஆய்வு சுட்டிய சம்மட்டி எறிதல் விடுபட்டது. ஆய்வு சுட்டாத 1500 மீட்டர் சேர்ந்தது. 2021-இல் அவ்வாய்வாளர்களே, தாங்கள் கண்டது தொடர்பை மட்டுமே, காரணத்தை அன்று எனத் திருத்தம் வெளியிட்டனர். 2023-இல் எல்லை 2.5 ஆகக் குறைந்து, எல்லாத் தடகளப் போட்டிகளுக்கும் விரிந்தது. 10, 5, 2.5 என எல்லை இறங்கிய வேகத்தைப் பார்த்தால், இவ்வெண்களை ஆய்வகம் மட்டுமே வகுத்தது என்று கொள்வதற்கில்லை.

தென்னாப்பிரிக்காவின் காசுடர் செமென்யா தொடுத்த வழக்கில் 2019-இல் தீர்ப்பளித்த நடுவர் தீர்ப்பாயம், இவ்விதி பாகுபாடு காட்டுவதே. எனினும் மகளிர் பிரிவைக் காக்கத் தேவையானது என்றது. முரண்போல் தோன்றினும் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. அவரோடு ஓடிய பெண்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களே. நான்காமிடத்தில் முடித்து மேடையேறாமல் திரும்பியவரின் இழப்பும் இழப்புதான். அவர்களுடைய முறையீட்டைப் பொறாமை என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

உடலும் காலணியும்

பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஏரோ மான்டிராண்டா 1964 குளிர்கால ஒலிம்பிக்கில் இரு தங்கம் வென்றவர். மரபணு மாற்றம் ஒன்றால் அவர் குருதியில் ஹீமோகுளோபின் இயல்பைவிட மிக அதிகம் என்பது பின்னாளில் தெரிந்தது. அவரைப் போட்டியிலிருந்து நீக்க வேண்டும் என்று எவரும் கோரவில்லை. ஆடவர் பிரிவில் எத்தகைய உடற்பேறும் வியப்புக்குரியதாகவே கொள்ளப்படுகிறது. தொழில்நுட்பம் தரும் நன்மையோ எளிதில் கட்டுக்குள் வருகிறது. கார்பன் தகடு பதித்த காலணிகள் ஓட்ட நேரத்தைக் குறைத்தபோது, சாலை ஓட்டக் காலணியின் அடித்தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது என 2020-இல் விதி வகுத்தனர். காலணியைக் கழற்றி அளந்து, வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். உடலை அவ்வாறு கழற்றி வைக்க இயலாது.

2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பின் மகளிர் போட்டிகளில் பங்கேற்போர் வாழ்நாளில் ஒருமுறை எசு.ஆர்.ஒய். மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். அம்மரபணுவை 1990-இல் கண்டறிந்த குழுவைச் சேர்ந்த ஆண்ட்ரூ சின்கிளேர் இதனை ஏற்கவில்லை. மரபணு உண்டா என்பதை மட்டுமே சோதனை காட்டும். அது செயல்படுகிறதா, ஹார்மோன் சுரக்கிறதா, உடல் அதை ஏற்கிறதா என்பவற்றைக் காட்டாது என்பது அவர் வாதம். ஹார்மோனை உடல் முற்றிலும் ஏற்காதோர்க்கு விதியில் விலக்கு உண்டு. அவ்விலக்கைப் பெற ஒரு பெண் மேலும் பல மருத்துவ ஆய்வுகளுக்கு உட்பட வேண்டும். செலவும் துணையும் யாருடையவை என்பதைப் பொறுத்தே செல்வந்தர் வீட்டுப் பெண்ணுக்கும் செங்கற்சூளைத் தொழிலாளியின் மகளுக்கும் விதி ஒன்றாவதும் வேறாவதும் அமையும். அதே ஆண்டு சூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், செமென்யாவின் வழக்கு சுவிட்சர்லாந்து நீதிமன்றத்தில் முறையாக விசாரிக்கப்படவில்லை எனத் தீர்ப்பளித்தது. விதி சரியா தவறா என்பதை அது கூறவில்லை; வாதத்தைச் செவிமடுத்த முறை போதாது என்றது.

சாந்தியின் வாதத்தைக் கேட்க அத்தகைய மன்றம் எதுவும் கூடவில்லை. பயிற்றுநர் பட்டயப் படிப்பை முடித்த அவரை, 2016-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நிலையான பயிற்றுநராக அமர்த்தியது. தோகாவில் பறிக்கப்பட்ட பதக்கத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கையை அவர் கைவிடவில்லை.