பழைய வானொலிக்குப் புதிய விரியலாக்கி

மேசைமீது மரக்கூட்டுள் அமர்ந்து, குமிழைத் திருகியதும் சிறிது நேரம் வாளாவிருந்து, பின்னர் மெல்லச் சூடேறிக் குரல் கொடுக்கும் வால்வு வானொலியை நம் கல்லூரியின் மூத்த மாணவர் பலர் அறிவர். இன்று வகுப்பில் இருப்போர் அதனை அலுமாரியின்மேல் தூசி படிந்த பெட்டியாகக் கண்டிருந்தாலே பெரிது. அது வாய்மூடியதற்குக் காரணம் இரண்டு. உள்ளிருக்கும் உறுப்புகள் தேய்ந்தமை ஒன்று. உயிரோடிருப்பினும் கேட்பதற்கு அதிகம் இல்லாமை மற்றொன்று. அப்பெட்டிகள் மத்திய அலையையும் சிற்றலையையும் பற்றுவன. நம் நாட்டுத் தமிழ் ஒலிபரப்புகளோ இன்று பெரும்பாலும் பண்பலையில் வருவன. சிற்றலையில் நாம் காத்திருந்து கேட்ட பி.பி.சி. தமிழோசையும் 2017 ஏப்பிரல் 30ஆம் நாளோடு தன் வானொலிச் சேவையை நிறுத்திக்கொண்டது.

ஆதலின் இளைஞர் சிலர் பெட்டியின் உட்பகுதியைக் குடைந்தெறிந்து, உள்ளங்கையளவான புதிய விரியலாக்கி ஒன்றைப் பொருத்தி, கைத்தொலைபேசிப் பாட்டை அதன்வழிக் கேட்க விரும்புகின்றனர். விருப்பம் நன்று, குடைந்தெறிதல் நன்றன்று என்பதே என் கருத்து. புதியதைப் பழையதன் இடத்தில் வையாது, பழையதன் அருகில் வைத்தல் இயலும்.

இதற்கு முன்மாதிரியை நாம் வெளியே தேடவேண்டியதில்லை. 1990களில் மின்சாரம் அற்று, மின்கலங்களும் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், வன்னியில் துவிச்சக்கர வண்டியின் தைனமோவே வானொலிக்கு உயிர் கொடுத்தது. வண்டியைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதியைச் சுழற்ற, சூழ இருந்தோர் செய்தி கேட்டனர். அத்தைனமோ ஏறத்தாழ 6 உவோல்ற்று, 3 உவாற்று தருவது, தருவதும் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டுவது நேரோட்டம். இருவாயிகளால் அதனைச் சீராக்கி, கொள்ளளவியால் ஏற்ற இறக்கத்தைத் தணித்து உள்ளே செலுத்தினர். நூலறிவு மிகுதியாக இல்லாதாரும் இதைச் செய்தனர். ஈண்டு நான் சுட்ட விரும்புவது வேறொன்று: அவர்கள் வானொலியைக் குடையவில்லை. மின்கலம் இருக்கும் இடத்தில் இரண்டு கம்பிகளைச் சேர்த்தனர். மின்கலம் கிடைத்த நாளில் கழற்றினர். வானொலி முன்போலவே இருந்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் வீட்டுப் பொருள்களை இழந்த கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில், எஞ்சிய பழைய பெட்டி ஒவ்வொன்றும் அரிது. அதன் வயிற்றை வெட்டுவோர் இதனை எண்ணுதல் வேண்டும்.

வால்வுகளின் பெயர்கள் தமிழாசிரியனாகிய எனக்குத் தனி இன்பம் தருவன. ஐரோப்பிய முறையில் அவை பகுபதம் போன்றவை. ‘ஈ.எல்.84’ என்பதில் ‘ஈ’ என்பது இழை 6.3 உவோல்ற்றில் எரிவதைச் சொல்லும். ‘எல்’ என்பது ஒலிபெருக்கியை இயக்கும் வலு வால்வு என்பதைச் சொல்லும். முதலெழுத்து ‘டி’ ஆயின் அது மின்கலத்துக்கென அமைந்தது. மின்சாரம் எட்டாத ஊர்களுக்கென விற்ற பெட்டிகளில் இருப்பது. ‘யூ’ ஆயின் எச்சரிக்கை கொள்க. அத்தகைய பெட்டிகள் பலவற்றில் வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பி உலோக அடித்தட்டோடு நேரே இணைந்திருக்கும். தொட்டவர்க்கு 230 உவோல்ற்று. ஏனையவற்றுள்ளும் 250 உவோல்ற்று அளவான உயரழுத்தம் உண்டு. செருகியைக் கழற்றிய பின்னரும் பெரிய கொள்ளளவிகள் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். ஆதலின் பின்மூடியைத் திறக்குமுன் அனுபவமுள்ள திருத்துநர் ஒருவரை அருகே வைத்துக்கொள்க. அவர் தடையி ஒன்றால் மின்னிறக்கி, மானியால் அளந்து காட்டிய பின்னரே உள்ளே கை வைக்க. மாணவர் இதனைத் தனித்துச் செய்தலை நான் ஒருபோதும் ஒப்பேன்.

திறந்ததும் முதலிற் பார்க்கவேண்டியது பின்புறத்து இரு துளைகள். இசைத்தட்டுக் கருவியை இணைப்பதற்கென அமைந்த குதை அது. பெட்டி இன்னும் வேலைசெய்யுமாயின், கைத்தொலைபேசியின் ஒலியை அதன்வழியே செலுத்தலாம். புதிய விரியலாக்கியே வேண்டுவதில்லை. ஆனால் செருகியின் இரு முனைகளுக்கும் அடித்தட்டுக்கும் தொடர்பில்லை என்று திருத்துநர் அளந்து உறுதிசெய்த பெட்டிக்கே இது பொருந்தும்.

பெட்டி ஊமையாயிருப்பின் புதியதை நாடலாம். கடையில் ‘அம்பிளிபயர் போட்’ என்று கேட்டாலே கிடைக்கும். ‘விரியலாக்கி’ என்ற பாடநூற் சொல்லை அங்கு வழங்கிப் பயனில்லை. பி.ஏ.எம்.8403 என்னும் சில்லுள்ள சிறு பலகை 5 உவோல்ற்றில் இயங்கி 3 உவாற்று வரை தரும். போதுமா எனின், பழைய பெட்டிகளில் ஒற்றை வலு வால்வு தந்ததும் ஏறக்குறைய அவ்வளவே. அந்த மரக்கூடும் அகன்ற ஒலிபெருக்கியும் சிறிய வலுவையும் பெரிதாக்கிக் காட்டும்.

5 உவோல்ற்று மின்னேற்றியைக் கூட்டுக்கு வெளியே வைக்க. பழைய மின்வடத்தை இணையாது சுருட்டிக் கட்டுக. இவ்வாறு செய்தால் 230 உவோல்ற்று கூட்டினுள் நுழைவதே இல்லை. அடித்தட்டைத் தொடாமல், கூட்டின் அடியில் சிறு மரத்துண்டு ஒன்றை வைத்து அதன்மேல் பலகையைப் பொருத்துக. ஒலிபெருக்கி நிலைக்காந்தம் உடையதாயின், அதன் இரு கம்பிகளையும் பழைய நிலைமாற்றியிலிருந்து பற்றாசு நீக்கிக் கழற்றிப் பலகையோடு இணைக்க. ஒன்றை மட்டும் கழற்றி மற்றதை அடித்தட்டில் விடலாகாது. இச்சில்லின் வெளியீட்டு முனை எதுவும் நிலத்தோடு சேரின் சில்லு பழுதுறக்கூடும். பலகைக்கு இடம், வலம் என இரு வாய்கள் உண்டு. அவற்றின் வெளியீடுகளை ஒன்றாக்கற்க. உள்ளீட்டில் ஒவ்வொன்றுக்கும் 1,000 ஓம் தடையி இட்டுச் சேர்த்து, ஒரு வாயை மட்டும் பயன்படுத்துக. பழைய ஒலிக்குமிழின் தடை இப்பலகைக்கு மிகப் பெரிது. அதை அப்படியே விட்டு, தொலைபேசியிலேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம்.

மிகப் பழைய சில பெட்டிகளில் ஒலிபெருக்கிக்கு நிலைக்காந்தம் இராது. மின்காந்தச் சுருள் இருக்கும். அது பெட்டியின் மின்வழங்கலிலும் ஓர் உறுப்பு. அதனைத் தொடாது, பக்கத்தில் வேறொரு சிறு ஒலிபெருக்கி வைப்பதே வழி.

ஒலிபெருக்கியைக் கழற்றிய பெட்டியைப் பின்னொருவர் அறியாது மின்னிணைத்தால் வெளியீட்டு நிலைமாற்றி பழுதுறக்கூடும். ஆகவே கழற்றியவை எவை, எங்கிருந்தவை என்பதைத் தடித்த தாளில் எழுதிப் பின்மூடியின் உட்புறம் ஒட்டுக; ஓர் எச்சரிக்கைத் துண்டைப் பழைய செருகியிலும் கட்டுக. கழற்றிய திருகாணிகளையும் ஒரு பையிலிட்டு உள்ளேயே வைக்க.

அலைவரிசைக் கண்ணாடியின் பின்னுள்ள சிறு விளக்கையும் மறத்தலாகாது. அதன் கழுத்தில் 6.3 உவோல்ற்று, 0.3 அம்பியர் என்றிருப்பின், பழைய கம்பிகளை விலக்கி, அதே 5 உவோல்ற்றில் எரிக்கலாம். மின்னேற்றி 2 அம்பியர் தருவதாக இருத்தல் வேண்டும். ஒளி சற்று மங்கும்; விளக்கோ நெடுநாள் வாழும்.