கறுப்பு வயரைப் பார்

அன்புள்ள தம்பி,

போர்டின் படம் வந்தது. பற்றவைப்பு சுத்தமாக இருக்கிறது. என் முதல் போர்டு வெறும் ஈயக் கட்டிகள். ஆனால் நான் பெரிதாக்கிப் பார்த்தது போர்டை இல்லை. கூலன்ட் சென்சாரிலிருந்து வரும் கறுப்பு வயரை ஃபென்டர் போல்ட்டில் முறுக்கிவிட்டிருக்கிறாயே, அதைத்தான்.

மாருதி 800-ல் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஸ்பீடுயினோ போர்டை எஞ்சின் கம்ப்யூட்டராக வைக்கிறேன் என்று சொன்னால் எல்லாரும் எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் மேப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். லேப்டாப்பில் அந்தக் கட்டங்கள் கலர் கலராகத் தெரியும்போது கை துறுதுறுக்கும். இப்போதைக்கு அதைத் தொடாதே. ‘ட்யூனிங் சரியில்லை’ என்று என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலும் எர்த்தோ கிராங்க் சிக்னலோதான் கோளாறு.

அந்த வயரையே எடுத்துக்கொள். ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே 0.2 வோல்ட் விழுகிறது என்று வை. சென்சாரின் எர்த் பாடியில் இருந்தால் அந்த 0.2 அப்படியே சிக்னலில் ஏறிவிடும். கூலன்ட் சென்சார் சூடேறச் சூடேற வோல்டேஜ் குறைகிற சாதி. ஆக, 90 டிகிரியில் இருக்கும் எஞ்சின் பத்துப் பதினைந்து டிகிரி குறைவாகத் தெரியும். ‘இன்னும் சூடாகவில்லை’ என்று கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். நீ மேப்பில் குறைப்பாய். ஃபேன் நின்றதும் வண்டி திணறும். சென்சார் எர்த் எல்லாம் போர்டுக்கே திரும்பட்டும். போர்டின் எர்த் எஞ்சின் பிளாக்கில் ஒரே இடத்தில் இறங்கட்டும். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் போல்ட் போடு.

அதே சென்சாரை ஐஸ் தண்ணீர் டம்ளரிலும் கொதிக்கிற பாத்திரத்திலும் விட்டு மல்டிமீட்டரில் ஓம் பார்த்து எழுதிக்கொள். (ஊட்டியில் உட்கார்ந்து செய்யாதே, அங்கே 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும்.)

அடுத்தது கிராங்க். 36 பல் வீலில் ஒரு பல்லை எடுத்துவிடுகிறோம், அந்த இடைவெளிதான் கம்ப்யூட்டருக்கு அடையாளம். 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப 28 மைக்ரோ செகண்ட்தான். காந்தச் சென்சாரின் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடலாம், அதுதான் ஆபத்து. ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் நகரும், இல்லை திடீரென்று சிக்னல் அறுந்து வெட்டும். ஷீல்டு வயர் போடு. ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய். ஸ்பார்க் பிளக் ரெசிஸ்டர் வகைதானா என்றும் பார்த்துக்கொள்.

சாஃப்ட்வேரில் ஸ்பார்க் அவுட்புட்டைத் தலைகீழாக வைத்ததில் நான் ஒரு இக்னிஷன் காயிலைக் கொன்றிருக்கிறேன். சாவியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். எஞ்சின் சுற்றவே இல்லை, காயிலில் மட்டும் கரண்ட் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது கை வைக்க முடியவில்லை, தார் வாசனை. அதிலிருந்து முதல் தடவை சாவி போட்டால் காயிலைத் தொட்டபடியே நிற்பேன்.

2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ இருவரும் மெகாஸ்குயர்ட் என்ற இதேபோன்ற எஞ்சின் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது அது கிட்டாகத்தான் கிடைத்தது. ஒவ்வொரு ரெசிஸ்டரையும் நாமே வைத்து, ஒவ்வொரு பகுதியாகச் சோதித்துப் போக வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் எந்த வயர் எதற்கு என்பது கைக்குத் தெரிந்துவிடும். நீயும் வண்டியில் மாட்டுவதற்கு முன் போலிச் சிக்னல் கொடுக்கும் சின்ன போர்டு ஒன்றை இணைத்து, மேஜைமேலேயே இரண்டு நாள் ஓடவிடு.

மேப்புக்கு வரும்போது வைடுபேண்ட் ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் உட்காராதே. காற்று-பெட்ரோல் விகிதம் 14.7 என்ற எண்ணையும் மறந்துவிடு. இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு அது சுமார் 13.5. எந்தப் பெட்ரோலுக்கும் ஒரே எண் காட்டும் லாம்டாவில் பார்த்தால் குழப்பமில்லை. ஹோஸும் எத்தனால் தாங்குகிற இன்ஜெக்ஷன் ஹோஸாக இருக்கட்டும். கார்புரேட்டர் ஹோஸில் 3 பார் அழுத்தம் கொடுத்தால் தீயணைப்பான் கையில் வேண்டும். அது எப்படியும் வேண்டும். இப்படி மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டுவதற்குச் சட்டம் இடம் தராது, டிராக்கோடு நிறுத்திக்கொள்.

ஞாயிறு வருகிறேன். சாஃப்ட்வேரில் இக்னிஷனை 10 டிகிரியில் பூட்டி வை, டைமிங் லைட் கொண்டுவருகிறேன். புல்லி மார்க்கில் சுண்ணாம்பு தடவி வை. அதுவரை இன்ஜெக்டர் பியூஸ் உன் சட்டைப் பையில் இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்