ஒழுங்கையில் வாகனம் நிறுத்த வரையறை வேண்டுவோர்க்கு

கோப்பாய் ஒழுங்கைகள் பல மாட்டுவண்டிக் காலத்து அகலத்திலேயே இன்றும் இருப்பதால், கலியாண வீட்டுக்கோ கோயில் உற்சவத்துக்கோ வந்தோர் வேலியோரம் காரை நிறுத்திச் செல்ல, அம்புலன்ஸ் நுழைய மார்க்கமின்றித் தவிக்க நேரிடலாம். வரையறை வேண்டுவோர், தெரு யாருடைய பரிபாலனத்தில் உள்ளதென முதலில் அறிதல் உசிதம்: யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் பெருந்தெரு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது, உள்ளொழுங்கைகளிற் பெரும்பாலானவை, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையைச் சார்ந்தவை. நெருக்கடி நேரும் வேளைகளையும் ஒழுங்கையின் அகலத்தையும் குறித்து, அயலவர் யாவரும் ஒப்பமிட்ட விண்ணப்பத்தில், நாள்முழுத் தடையை விடுத்து, ஒரு பக்க நிறுத்தத்தையும் முடக்குகளிற் பூரணத் தடையையும் மாத்திரம் கேளுங்கள். செத்தவீட்டுக்கு வருவோர்க்கும் இடம் வேண்டுமல்லவா? பிரதியொன்றைக் கோப்பாய்ப் பொலிஸ் நிலையத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.